எந்தக் கிரேக்கக் கதையைக் குழந்தைகளுக்குப் படமாக்குவது?

கிரேக்கப் புராணத்திலிருந்து ஒரு கதையை எடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துப் பார்க்கிற அனிமேஷன் படமாக்க வேண்டும். நீளம் 80 நிமிடம். பார்ப்பவர்களில் கடைக்குட்டிக்கு வயது ஆறு. இந்த வேலை என் கைக்கு வந்து நாலு மாதமாகிறது. நான் திரைக்கதையும், காட்சிகளை முன்கூட்டியே வரிசைப் படங்களாக வரைகிற ஸ்டோரிபோர்டும் செய்கிறவன். படம் எடுக்கப்போகிறவர்கள் ஆறு கதைகளை எழுதிக் கொடுத்து, ஒன்றைச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள் என்றார்கள். ஹெராக்ளிஸ், பெர்சியஸ், ஒடிசியஸ், பெர்செஃபனி, மைடாஸ், குழந்தை ஹெர்மிஸ். இதே மாதிரி ஒரு தேர்வில் தவிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று, யோசித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கதைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். மேலே பார்த்தால் சிறகு முளைத்த குதிரை, ஒற்றைக்கண் அரக்கன், பறக்கும் செருப்பு என்று குழந்தைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். கொஞ்சம் தோண்டினால் கொலை, கடத்தல், பெற்ற பிள்ளையைக் கொன்ற தகப்பன் என்று வரிசையாக வரும். வழக்கமாகச் செய்வது, வேண்டாததையெல்லாம் வெட்டிவிட்டு, மிச்சத்தின் நடுவே நகைச்சுவையைக் கொண்டுவந்து ஒட்டுவது. நானும் முதலில் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கதையிலும் எதை வெட்ட வேண்டும் என்று பட்டியல் போட்டேன். இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டது. அப்புறம் கேள்வியையே மாற்றினேன்: கிரேக்கர்களே எந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள்?

இதற்குப் பதில் தேடுவது கஷ்டமில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், டயோனைசஸ் தெய்வத்தின் திருவிழாவில் ஒரு நாடகாசிரியர் மூன்று துன்பியல் நாடகங்களைப் போட்டால், நாலாவதாக ஒரு சிரிப்பு நாடகமும் போடுவார். குதிரை வாலும் குதிரைக் காதும் வைத்த சாட்டிர்கள் என்ற காட்டுக் கும்பல் அதில் வந்து ஆடிப்பாடிக் குட்டையைக் குழப்பும். கதை அதே புராணம்தான், கண் மட்டும் வேறு. அப்படி அவர்கள் சிரித்த இடத்தில் நாமும் சிரித்தால், கதையை ஏமாற்ற வேண்டியதில்லை. ஆறு கதைகளையும் இந்தத் தராசில்தான் வைத்துப் பார்த்தேன்.

முதலில் ஹெராக்ளிஸ். ரோமானியர் வைத்த ஹெர்குலிஸ் என்ற பெயரில் உலகத்துக்கே தெரிந்தவன், போஸ்டரில் பெயர் போட்டாலே போதும். வால்ட் டிஸ்னி நிறுவனம் 1997இல் எடுத்த ‘ஹெர்குலிஸ்’ படத்தை விடாமல் பேச முடியாது. ஆலன் மென்கனின் இசையும், ஜெரால்டு ஸ்கார்ஃபின் வளைந்து சுழலும் கோடுகளும் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அந்தப் படம் சிரிப்புக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். அதில் தேவர்களின் ராணி ஹீரா அவனைப் பெற்ற பாசமான தாய். மூலக் கதையில் அவனைப் பெற்றவள் அல்க்மீனி. ஹீராவின் கணவனான தேவர்களின் ராஜா ஸீயஸ், அல்க்மீனியின் கணவன் உருவத்தில் வந்து ஏமாற்றியதால் பிறந்தவன் அவன். ஹீரா அந்த ஆத்திரத்தில் தொட்டிலுக்கே இரண்டு பாம்புகளை அனுப்புகிறாள். பின்னால் அவள்தான் அவனுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறாள், அந்த வெறியில் மனைவி மெகாராவுக்குப் பிறந்த தன் பிள்ளைகளை அவன் கையாலேயே கொல்கிறான். பன்னிரண்டு அருஞ்செயல்களையும் அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்தான் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. ஹீராவை நல்லவளாக்கியதும் வில்லன் இடம் காலியானது. அங்கே ஹேடிஸை உட்கார வைத்தார்கள். கிரேக்கர்களின் ஹேடிஸ் இறந்தவர்களின் உலகத்தைக் கண்டிப்போடு பார்த்துக்கொள்கிற அரசன், கெட்டவன் அல்ல. ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய் தேவைப்பட்டது.

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, படம் பார்த்த குழந்தைகள் சந்தோஷமாகத்தான் போனார்கள். அதே வழியில் நாமும் போனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது என்பதுதான் என் பயம். பார்க்கிறவர் ஒவ்வொரு காட்சியையும் அதனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

ஹெராக்ளிஸிடம் சிரிப்பு இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. கிரேக்க இன்பியல் நாடகங்களில் அவன் சாப்பாட்டு ராமன். பழைய ஜாடிகளில் திரும்பத் திரும்ப வரைந்த ஒரு படம் உண்டு. எரிமாந்தஸ் மலையின் காட்டுப்பன்றியை உயிரோடு தோளில் தூக்கிக்கொண்டு ஹெராக்ளிஸ் நிற்கிறான். அதைக் கொண்டுவரச் சொன்ன மன்னன் யூரிஸ்தியஸ் பயத்தில் தரையில் புதைத்த பெரிய தாழிக்குள் குதித்துவிட்டான். தலையும் இரண்டு கைகளும் மட்டும் வெளியே தெரிகின்றன. ஸ்டோரிபோர்டு கலைஞன் இதற்கு மேல் என்ன வரையப் போகிறான்? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஃப்ரேம் முடிந்துவிட்டது.

ஹெராக்ளிஸ்தான் வேண்டும் என்று பணம் போடுகிறவர் ஒற்றைக் காலில் நின்றால், அவன் வாழ்க்கையை எடுக்காதீர்கள், ஒரே ஒரு நாளை எடுங்கள். கி.மு. 438இல் ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் அந்த நாலாவது நாடகத்தின் இடத்தில், சாட்டிர்கள் இல்லாமல் ஒரு நாடகம் போட்டார். நண்பன் வீட்டுக்கு ஹெராக்ளிஸ் விருந்தாளியாக வருகிறான். அந்த வீட்டின் தலைவி அல்செஸ்டிஸ் அன்றுதான் இறந்திருக்கிறாள். விருந்தாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று நண்பன் அதை மறைக்கிறான். இவன் தலையில் மாலையைச் சுற்றிக்கொண்டு, குடித்து, தொண்டை கிழியப் பாடுகிறான். கடுகடுவென்று நிற்கும் வேலைக்காரன் ஒருவன் கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஹெராக்ளிஸ் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கல்லறைக்கே போய், வந்து நின்ற மரணத்தோடு மல்யுத்தம் செய்து அவளை மீட்டுக் கொண்டுவருகிறான். இது நல்ல படம். தாயின் மரணத்தில் தொடங்குவதால் முதல் இருபது நிமிடம் கனமாக இருக்கும், அதனால்தான் இதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

பெர்சியஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் மூன்று பேரும் கைமாற்றிக்கொள்கிற கிழவிகள் அதில் அற்புதம். கண் கைமாறும் அந்த ஒரு நொடியில் பெர்சியஸ் அதைப் பிடுங்குகிறான், குழந்தைகள் கத்திச் சிரிப்பார்கள். ஆனால் கதையின் நடுவில், பார்த்தவர்களைக் கல்லாக்கும் பாம்புக் கூந்தல்காரி மெடூசா இருக்கிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னபடி பார்த்தால், கோயிலுக்குள் கடல் தெய்வத்தால் கெடுக்கப்பட்டு, அதற்கும் தானே தண்டனை வாங்கியவள். அவள் தூங்கும்போது தலையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவனை இன்று நாயகன் என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவளை வெறும் பூதமாக்கினால் அவளுக்கு அநியாயம், அவள் கதையைச் சொன்னால் அது குழந்தைகள் படமில்லை.

ஒடிசியஸ் என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை. ஒற்றைக்கண் பாலிஃபீமஸிடம் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று அவன் சொல்வதும், கண் போன அரக்கன் அலறும்போது பக்கத்துக் குகைக்காரர்கள் ஓடி வந்து “யார் உன்னை அடிக்கிறது?” என்று கேட்பதும், “யாருமில்லை என்னைக் கொல்கிறான்!” என்று அவன் கத்துவதும், “யாருமில்லை என்றால் எதற்குக் கத்துகிறாய்?” என்று அவர்கள் போய்விடுவதும், தமிழில் எழுதும்போது கூட ஒரு சொல்லும் சிதையாமல் வந்து உட்கார்ந்தன. கிரேக்கர்களும் இதில் சிரித்தார்கள். முழுதாக நமக்குக் கிடைத்திருக்கிற ஒரே சாட்டிர் நாடகம் இந்தக் கதைதான், யூரிப்பிடிஸ் எழுதியது. ஆனால் இந்தச் சிரிப்புக்கு முன்னால் அரக்கன் ஆறு பேரைத் தின்கிறான், அப்புறம் அவன் கண்ணில் காய்ச்சிய மரக்கழியைச் செருகுகிறார்கள். இதை மிதப்படுத்த முடியும், சூப்பில் போட்டு வேகவைக்கப் பார்க்கிறான் என்று மாற்றலாம். அதைவிடப் பெரிய தடை நீளம். இந்தக் கதையைச் சொல்லும் ஹோமரின் ‘ஒடிசி’ காவியம் 24 பாகம், பன்னிரண்டாயிரம் வரிக்கு மேல். தீவு தீவாகப் போகிற கதையை 80 நிமிடத்தில் அடைத்தால் டூரிஸ்ட் பஸ்ஸில் ஊர் பார்த்த மாதிரி ஆகிவிடும். கடலும் புயலும் கப்பல் நிறைய ஆட்களும் அனிமேஷனில் பணத்தை உறிஞ்சும். முடிவில், தன் வீட்டில் உட்கார்ந்து தின்ற நூற்றுக்கும் மேற்பட்ட மாப்பிள்ளைக் கூட்டத்தை அவன் கொன்று தீர்க்கிறான், வேலைக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்படுகிறார்கள். இருபது வருஷம் காத்திருந்து, எஜமானைப் பார்த்து வாலாட்டிவிட்டு உயிரை விடுகிற ஆர்கோஸ் நாயை நினைத்தால் எனக்கே தொண்டை அடைக்கிறது. இதைத் தொடராக எடுங்கள், இருபத்தாறு வாரம் வரட்டும். ஒற்றைப் படமாக வேண்டாம்.

பெர்செஃபனி கதையை வேடிக்கைப் படமாக்க நான் ஒப்பமாட்டேன். தகப்பன் சம்மதத்தோடு ஒரு பெண்ணை ஹேடிஸ் கடத்துகிறான், தாய் டெமெட்டர் ஊர் ஊராக அலைகிறாள். அதற்குள் அபூர்வமான ஒரு சிரிப்பும் இருக்கிறது. எலூசிஸ் ஊரில் சாப்பிடாமல், பேசாமல் உட்கார்ந்திருக்கிற டெமெட்டரை ஐயாம்பி என்ற பணிப்பெண் கேலி பேசிப் பேசியே சிரிக்க வைத்துவிடுகிறாள். துக்க வீட்டில் யாரோ ஒரு அத்தை ஏதோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள் குபுக்கென்று சிரித்துவிடுவார்களே, அந்தச் சிரிப்பு. அம்மா-மகள் பற்றி ஒரு நிதானமான படம் எடுப்பவருக்கு இது பொக்கிஷம்.

மைடாஸ் பட்டியலில் இருந்தது எனக்குச் சந்தோஷம். தொட்டதெல்லாம் பொன்னாகும் பாதி எல்லோருக்கும் தெரியும். மகள் பொன்சிலையாகும் காட்சி பழைய கதையில் கிடையாது, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன் சேர்த்தது. ஓவிட் சொல்வதில் ரொட்டியும் ஒயினும்தான் பொன்னாகின்றன, பசிதான் அரசனுக்குப் புத்தி சொல்கிறது. ஓவிட் சொல்லும் அடுத்த பாதிதான் எனக்குப் பிடித்தது. இசைத் தெய்வம் அப்பல்லோவைவிட, பேன் (Pan) என்ற ஆட்டுக்கால் காட்டுத் தெய்வம் நன்றாக வாசித்தான் என்று தீர்ப்புச் சொன்னதற்காக மைடாஸுக்குக் கழுதைக் காது முளைக்கிறது. முடி வெட்டுகிற ஆள் மட்டும் பார்க்கிறான். சொல்லாமல் இருக்க முடியவில்லை, மண்ணில் குழி தோண்டி அதற்குள் சொல்லிவிட்டு மூடுகிறான். அந்த இடத்தில் முளைத்த நாணல்கள் காற்றில் அதையே சொல்கின்றன. ‘ராஜா காது கழுதைக் காது’ என்று நம் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த கதை. வெட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு பாதியையும் சேர்த்தாலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, அதை 80 ஆக்கினால் நம் சொந்தச் சரக்கு கதையை மூழ்கடித்துவிடும். குறும்படத்துக்கு முதல் தேர்வு இது.

மிஞ்சியது ஹெர்மிஸ். பட்டியலில் கடைசியாக, யாரோ போனால் போகிறது என்று சேர்த்த மாதிரி இருந்தது. நான் சொல்லப்போவது இதைத்தான்.

ஹோமரின் துதிகள் என்ற பழைய தொகுப்பில் ஹெர்மிஸுக்கு 580 வரியில் ஒரு பாட்டு இருக்கிறது. ஹோமர் பாடியதல்ல, பெயர் மட்டும் அவருடையது. ஆர்க்கேடியாவில் சிலீனி மலைக் குகை. அங்கே மாயா என்ற தேவகன்னி தனியாக வாழ்கிறாள். விடியற்காலையில் அவளுக்கு ஹெர்மிஸ் பிறக்கிறான். நடுப்பகலில் யாழ் வாசிக்கிறான். சாயங்காலம் அண்ணன் அப்பல்லோவின் மாடுகளைத் திருடுகிறான். பாட்டின் தொடக்கமே இப்படித்தான், ஒரே நாளில் மூன்றும்.

தொட்டிலிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தவன் ஓர் ஆமையைப் பார்க்கிறான். அதன் ஓட்டில் ஆட்டு நரம்பு ஏழு கட்டி யாழ் செய்துவிடுகிறான். அப்புறம் பசி. வடக்கே பியரியா மலைப்புல்வெளிக்குப் போய் ஐம்பது பசுக்களை ஓட்டிக்கொண்டு வருகிறான். தடம் தெரியக்கூடாது என்று பசுக்களைப் பின்பக்கமாக நடக்க வைக்கிறான். தன் காலுக்குக் குச்சியும் தழையும் பின்னி ஒரு விநோதச் செருப்பு. வழியில் திராட்சைத் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று இரும் என்று எச்சரிக்கிறான். பிறந்து ஒரு நாள் ஆகாத பிள்ளை! மாடுகளை ஒளித்துவிட்டு, குகைக்குத் திரும்பி, சாவித் துவாரம் வழியாகப் பனிப்புகை போல நுழைந்து, தொட்டிலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆமையோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுத்துவிடுகிறான்.

மறுநாள் அப்பல்லோ வந்து நிற்கிறான். தொட்டில் பேசுகிறது: நான் நேற்றுப் பிறந்தவன். எனக்கு வேண்டியது தூக்கமும் அம்மா பாலும் வெந்நீர்க் குளியலும்தான். கால் இன்னும் பிஞ்சு, தரையோ கரடுமுரடு. அப்பா தலைமேல் சத்தியம், மாட்டை நான் எடுக்கவில்லை. மாடு என்றால் என்ன? பேர்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஸீயஸ் முன்னால் வழக்குப் போகும்போது அவன் சொல்லும் பதில் இன்னும் நுட்பம். மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வரவில்லை என்கிறான், உண்மைதான், வேறிடத்தில் ஒளித்தான். வாசற்படியைத் தாண்டவில்லை என்கிறான், அதுவும் உண்மை, சாவித் துவாரம் வழியாக அல்லவா போனான்! ஸீயஸ் வாய்விட்டுச் சிரிக்கிறார். பாட்டே சொல்கிறது, சிரித்தார் என்று. கடைசியில் ஹெர்மிஸ் யாழை எடுத்து வாசிக்க, அப்பல்லோ அப்படியே உருகிப்போகிறான். இது ஐம்பது மாடு பெறும் என்கிறான். யாழ் அண்ணனுக்கு, மாடு தம்பிக்கு. சண்டை தீர்ந்தது.

இதில் நாம் ஒட்ட வேண்டிய சிரிப்பு எதுவுமே இல்லை. கிரேக்கர்களும் மேடையில் சிரித்தார்கள்: ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் இதை வைத்தே ஒரு சாட்டிர் நாடகம் எழுதினார். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் என்ற பழங்காலத் தாளின் துண்டுகளிலிருந்து 1912இல் அது அச்சேறியது. சாட்டிர்கள் மோப்ப நாய் மாதிரி தரையில் மூக்கை வைத்துத் தடம் பார்த்து வருகிறார்கள். குளம்புத் தடம் எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். பூமிக்கு அடியிலிருந்து யாழ் ஒலி கேட்டு நடுங்கிப்போகிறார்கள். மலைத்தேவதை சிலீனி வெளியே வந்து, என்ன இது சத்தம் என்று அதட்டுகிறாள். உயிரோடு இருந்தபோது ஊமையாக இருந்த பிராணி, செத்தபின் பாடுகிறது என்று அவள் போடும் விடுகதையை அவர்களால் அவிழ்க்க முடியவில்லை. 80 நிமிடத்துக்குத் தேவையான இரண்டாவது சரடு இதோ, இதைச் சேர்த்தவர் சோஃபக்ளிஸ், நான் அல்ல.

மார்கழியில் ஊருக்குப் போனபோது அக்கா பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. மாடுகள் பின்னால் நடந்த இடத்தில் சின்னவள் நிறுத்தினாள். “மாமா, அப்படிப் போனா கண்டுபிடிக்க முடியாதா?” என்று கேட்டுவிட்டு, குளியலறைக்கு ஓடி, காலை நனைத்துக்கொண்டு வந்தாள். திண்ணையின் சிவப்புத் தரையில் சுவரிலிருந்து வாசல் வரை பின்பக்கமாக அடி வைத்தாள். குனிந்து தடங்களைப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் சுவரைப் பார்த்து இருந்தன. “நான் வெளியே போனேன், கால் உள்ளே போயிருக்கு” என்றாள். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் கதையைத் தொடர முடியவில்லை, இருவரும் தெருவரை ஈரக்காலோடு பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். மற்ற ஐந்து கதைகளையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், எதற்கும் இப்படி எழுந்து ஓடவில்லை.

இதிலும் சிக்கல் உண்டு. ஆமையை அவன் கொல்கிறான். இரண்டு பசுக்களை அறுத்துப் பன்னிரண்டு பங்கு வைக்கிறான். ஆமையை மாற்றிவிடலாம், வெறும் ஓடு வாசலில் கிடப்பதாக. அது மாற்றம்தான், ஆனால் கதையின் எலும்பை உடைக்காது. பன்னிரண்டு பங்கு விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஒலிம்பஸ் மலையில் வாழும் தெய்வங்கள் பன்னிரண்டு பேர் என்பதால், பன்னிரண்டாவது பங்கைத் தனக்கே வைத்தான் என்று பலர் வாசிக்கிறார்கள். வாசனை மூக்கைத் துளைக்கிறது, அவன் சாப்பிடாமல் அடக்கிக்கொள்கிறான். அம்மாவிடமும் கேட்கிறான்: நாம் மட்டும் ஏன் இந்த இருட்டுக் குகையில் இருக்க வேண்டும்? இத்தனை குறும்புக்கும் கீழே இருப்பது, எனக்கும் ஒலிம்பஸில் ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம். இறைச்சியைப் பாலாடைக்கட்டியாக்கினாலும் சரி, பன்னிரண்டு இலைகளும், பசியோடு அதைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையும் படத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் வசனம் வேண்டாம்.

திருட்டைக் கொண்டாடலாமா என்று ஒருவர் கேட்டார். வெண்ணெய் திருடிய கண்ணனைப் பெரியாழ்வார் பாடக் கேட்ட நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அந்த ஒற்றுமையை நம்பி ஹெர்மிஸுக்குக் கண்ணன் முகத்தை வரைந்துவிடக் கூடாது. இவன் வேறு பிள்ளை, இவனுக்குக் கோபிகைகள் இல்லை, வாதாடத் தெரியும். பிடிபடுகிறான், மாட்டைத் திருப்பிக் காட்டுகிறான், தான் செய்த யாழைக் கொடுக்கிறான். அது போதும்.

செலவும் இதற்குத்தான் குறைவு. குகை, புல்வெளி, திராட்சைத் தோட்டம், ஆற்றங்கரை, ஒலிம்பஸ் என்று ஐந்து இடங்கள்தான். முக்கியப் பாத்திரங்கள் ஆறு. கஷ்டமானது மாடு. நாலு கால் பிராணியை நடக்க வைப்பதே மெனக்கெட்ட வேலை, பின்னால் நடக்க வைப்பது அதைவிட. ஆகவே முதலில் அந்தச் சோதனையைத்தான் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஒரே ஒரு பசு, ஐந்து விநாடி. வண்ணத்துக்குப் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்றைப் பார்க்கலாம். தொட்டிலில் ஹெர்மிஸும், ஒளித்து வைத்த மாடுகளும் அதிலேயே இருக்கின்றன.

கடைசியாக ஒரு காட்சி. அப்பல்லோ பொறுமை இழந்து குழந்தையைக் கையில் தூக்குகிறான். குழந்தை யோசித்து, வேண்டுமென்றே ஒரு குசு விடுகிறது, உடனே ஒரு தும்மலும் போடுகிறது. அப்பல்லோ பொத்தென்று கீழே போட்டுவிடுகிறான். இது அந்தத் துதிப்பாட்டிலேயே இருக்கிறது, ‘வயிற்றின் தூதன்’ என்கிற மாதிரி மரியாதையான சொற்களோடு. கூட்டத்தில் இதை வாசித்தபோது, இது கொஞ்சம் மலிவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்றார்கள். மற்ற எந்தக் காட்சியை வேண்டுமானாலும் பேசலாம், சுருக்கலாம், மாற்றலாம். இதை எடுக்கச் சொன்னால் மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.